அமெரிக்காவில் மனநல ஆலோசகர் உரிமம்: எந்தப் படிப்பு செல்லும் என்று சேரும் முன்பே பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் கவுன்சலிங் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பல்கலைக்கழகத்தைத்தான். கட்டணம் எவ்வளவு, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், ஆன்லைனில் உண்டா என்று பார்த்துவிட்டுச் சேர்ந்துவிடுகிறார்கள். பட்டம் வாங்கி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான், தாங்கள் படித்த படிப்பு அந்த மாநில விதிக்குப் பொருந்தவில்லை என்று தெரியவருகிறது. மூன்று ஆண்டு உழைப்பும் பெருந்தொகையும் செலவான பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை. தேட வேண்டிய வரிசை வேறு: முதலில் எந்த மாநிலத்தில் வேலை செய்யப் போகிறீர்கள், அடுத்து அந்த மாநில வாரியம் என்ன கேட்கிறது, கடைசியாகத்தான் எந்தக் கல்லூரி.

யார் எதைத் தருகிறார்கள்?

பட்டம் தருவது பல்கலைக்கழகம். அந்தப் படிப்பு தரமானது என்று சான்று சொல்வது அங்கீகார அமைப்பு. தொழில் செய்ய உரிமம் தருவது மாநில அரசின் வாரியம். மூன்றும் தனித்தனி. ஒன்று இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது.

மத்திய அரசு தரும் நாடு தழுவிய ஆலோசகர் உரிமம் என்று ஒன்று அமெரிக்காவில் கிடையாது. 1976இல் வர்ஜீனியா முதலில் ஆலோசகர்களுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக 2009இல் கலிபோர்னியா கொண்டுவந்தது. இடைப்பட்ட 33 ஆண்டுகளில் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் விதி எழுதிக்கொண்டதால், ஒரே வேலைக்குப் பல பெயர்கள். டெக்சாஸில் எல்.பி.சி., ஃப்ளோரிடாவிலும் நியூயார்க்கிலும் எல்.எம்.எச்.சி., கலிபோர்னியாவில் எல்.பி.சி.சி., வட கரோலினாவில் எல்.சி.எம்.எச்.சி. எழுத்துகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மேற்பார்வை இல்லாமல் தனித்துத் தொழில் செய்ய அந்த உரிமம் அனுமதிக்கிறதா என்பதைப் பாருங்கள். ஒஹாயோவில் எல்.பி.சி. என்பது மேற்பார்வையின் கீழ் பணியாற்றும் முதல்படி; தனித்துச் செயல்பட எல்.பி.சி.சி. வேண்டும். டெக்சாஸில் எல்.பி.சி. என்பதே முழு உரிமம். மூன்று எழுத்து ஒன்றே, பொருள் வேறு.

அங்கீகாரம் இரண்டு வகை

முதல்வகை, முழுப் பல்கலைக்கழகத்துக்குமான அங்கீகாரம். ஹையர் லேர்னிங் கமிஷன், மிடில் ஸ்டேட்ஸ் கமிஷன் போன்ற அமைப்புகள் இதைத் தருகின்றன. நிர்வாகம், நிதி, நூலகம், ஆசிரியர் தகுதி எல்லாம் இதில் வரும். கல்விக்கடன் கிடைப்பதற்கும் பட்டம் பிற கல்லூரிகளில் மதிக்கப்படுவதற்கும் இது வேண்டும். ஆனால் உள்ளே நடக்கும் கவுன்சலிங் படிப்பில் எத்தனை மணிநேரப் பயிற்சி, யார் மேற்பார்வை என்பதை இது தனியாக அளப்பதில்லை.

இரண்டாவது வகை, அந்தப் படிப்புக்கு மட்டுமான அங்கீகாரம். கவுன்சலிங் துறையில் இதைத் தரும் முக்கியமான அமைப்பு 1981இல் தொடங்கப்பட்டது; துறையில் எல்லோரும் அதை ‘கேக்ரெப்’ (CACREP) என்றே சொல்கிறார்கள். மறுவாழ்வு ஆலோசனைப் படிப்புகளுக்குத் தனியாக இருந்த ‘கோர்’ அமைப்பும் 2017 ஜூலையில் இதனுடன் இணைந்துவிட்டது. எம்.பி.கேக் (MPCAC) என்று இன்னொரு அமைப்பும் உளவியல், கவுன்சலிங் முதுநிலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருகிறது. ஆனால் அதை ஏற்கும் மாநில விதிகள் குறைவு.

பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தில் ‘முழு அங்கீகாரம் பெற்றது’ என்று இருந்தால், அது பெரும்பாலும் முதல்வகையைச் சொல்கிறது. பொய் இல்லை, ஆனால் நீங்கள் கேட்க வந்த கேள்விக்கு அது பதில் இல்லை.

இன்னொரு குழப்பம், படிப்பின் பெயரில் வருகிறது. ‘உளவியலில் முதுநிலை’ என்ற பட்டம் பல மாநிலங்களில் ஆலோசகர் உரிமத்துக்கு நேராகச் செல்லாது. ஆராய்ச்சிக்கும் பிஎச்.டி.க்கும் தயார்ப்படுத்தும் படிப்பு அது. நோயாளிகளைச் சந்திக்கும் பயிற்சி இல்லாமலே முடிந்துவிடலாம். நீங்கள் தேட வேண்டிய பெயர் ‘கிளினிக்கல் மென்டல் ஹெல்த் கவுன்சலிங்’. திருமண, குடும்ப ஆலோசனைக்கும் சமூகப்பணிக்கும் தனி வாரிய விதிகள், தனி அங்கீகார அமைப்புகள், தனி உரிமங்கள் உள்ளன. அவையும் நல்ல வழிகளே. ஒன்றில் சேர்ந்து இன்னொன்றின் உரிமம் கேட்பதுதான் சிக்கல்.

முதல் படி: மாநில விதியைப் படியுங்கள்

வாரியத்தின் இணையதளத்தில் ‘கல்வித் தகுதி’ பகுதியைத் திறந்து, கேக்ரெப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். மூன்று விதமான பதில்களில் ஒன்று இருக்கும்.

கட்டாயம் என்று சொல்பவை: ஒஹாயோ 2018 ஜனவரி முதல் கேக்ரெப் அங்கீகாரம் உள்ள பட்டத்தைக் கேட்கிறது. வட கரோலினாவில் 2022 ஜூலை 1க்குப் பிறகு படிப்பில் சேர்ந்தவர்களுக்கு அது கட்டாயம். இங்கே கவனிக்க வேண்டியது தேதி எதை ஒட்டியது என்பது. ஒரு மாநிலம் சேர்ந்த தேதியைப் பார்க்கும். இன்னொன்று விண்ணப்பிக்கும் தேதியைப் பார்க்கும். ஃப்ளோரிடாவில் 2025 ஜூலை 1 முதல் விண்ணப்பிப்பவர்களின் பட்டம் கேக்ரெப், எம்.பி.கேக் அல்லது அவற்றுக்கு இணையான அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பிலிருந்து வந்திருக்க வேண்டும். 2023இல் அங்கீகாரம் இல்லாத படிப்பில் சேர்ந்து 2026இல் முடிப்பவர், ‘நான் சேர்ந்தபோது இந்த விதி இல்லையே’ என்று வாதாடி வெல்வது கடினம்.

சுலபப்படுத்துகிறோம் என்று சொல்பவை: அங்கீகாரம் இருந்தால் பாடம் பாடமாகச் சரிபார்க்க மாட்டோம், இல்லாவிட்டால் ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் தந்து நிரூபியுங்கள் என்ற நிலை.

தாங்களே சரிபார்ப்பவை: கலிபோர்னியா கேக்ரெப் கேட்பதில்லை. ஆனால் எந்தெந்தப் பாடம், எத்தனை யூனிட் என்று தன் சட்டத்திலேயே பட்டியல் வைத்திருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1க்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு 60 செமஸ்டர் யூனிட் (கிரெடிட் என்றும் சொல்லும் பாட அளவு), அதில் நேரடி ஆலோசனைப் பயிற்சி 280 மணிநேரம். நியூயார்க்கில் மாநிலக் கல்வித்துறையே படிப்புகளை ‘உரிமத்துக்குத் தகுதியானது’ என்று பதிவு செய்கிறது. அந்தப் பதிவு இருந்தால் போதும். கேக்ரெப் இல்லாவிட்டாலும் நியூயார்க் உரிமம் கிடைக்கும். அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டு ஒஹாயோவுக்கு மாறினால்தான் தலைவலி தொடங்கும்.

வேலை மாற்றத்தால் குடும்பமாக ஊர்விட்டு ஊர் போகும் வாய்ப்பு உள்ளவர்கள், இருக்கும் மாநிலம் கேட்காவிட்டாலும் கேக்ரெப் படிப்பையே தேர்ந்தெடுப்பது நல்லது. கட்டணம் சற்றுக் கூடினாலும் இதே ஆலோசனைதான். பட்டத்தை மறுபடி படிக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: பட்டியலில் தேடுங்கள்

கேக்ரெப் தன் இணையதளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியலை வைத்திருக்கிறது. கல்லூரியின் பெயர் அதில் இருக்கிறது என்று பார்த்த உடனே மூடிவிடாதீர்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்.

சிறப்புப் பிரிவு: அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கோ துறைக்கோ இல்லை, பிரிவுக்குத்தான். ஒரே துறையில் பள்ளி ஆலோசனைப் பிரிவுக்கு அங்கீகாரம் இருந்து, மனநலப் பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம். அதிகம் பேர் வழுக்கும் இடம் இதுதான்.

வளாகமும் கற்பிக்கும் முறையும்: நேரில் நடக்கும் படிப்புக்குக் கிடைத்தது, அதே பெயரில் ஆன்லைனில் நடப்பதற்கும் கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

நிலை: அங்கீகாரம் பெற்றதா, விண்ணப்பித்துக் காத்திருக்கிறதா, நிபந்தனையோடு கிடைத்ததா? ‘விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று கல்லூரி சொல்வதை அங்கீகாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கீகாரம் கிடைப்பதற்குச் சற்று முன்னால் பட்டம் பெற்றவர்களைப் பின்தேதியிட்டு ஏற்கும் வழி உண்டு. ஆனால் அதற்குக் காலவரம்பும் நிபந்தனைகளும் இருப்பதால், ‘நான் முடிக்கும்போது என் நிலை என்ன?’ என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தேதிகள்: அங்கீகாரம் முடியும் ஆண்டு நீங்கள் பட்டம் பெறும் ஆண்டுக்கு முன்னால் வந்தால், புதுப்பிப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

மூன்றாம் படி: கல்லூரியின் உரிம அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள்

இது பலருக்குத் தெரியாத நல்ல ஆயுதம். உரிமம் தேவைப்படும் தொழிலுக்கான படிப்பு நடத்தும் கல்லூரிகள், தங்கள் பாடத்திட்டம் எந்தெந்த மாநிலத்தின் கல்வித் தகுதியைப் பூர்த்தி செய்கிறது என்று வெளியிட வேண்டும் என 2020 ஜூலை முதல் மத்தியக் கல்வித்துறை விதி இருக்கிறது. ‘பூர்த்தி செய்கிறது’, ‘செய்யவில்லை’, ‘நாங்கள் தீர்மானிக்கவில்லை’ என்ற மூன்று நெடுவரிசைகளாகவே பல கல்லூரிகள் இதைப் போட்டிருந்தன; 2024 ஜூலையில் மாறிய விதியில் மூன்றாவது இல்லை. உங்கள் மாநிலம் எந்த வரிசையில் வருகிறது என்று பாருங்கள். பழைய பட்டியலில் மூன்றாவது வரிசையில் இருந்தால், கல்லூரி தேடி முடிவு சொல்லவில்லை என்று பொருள். சரிபார்க்கும் சுமை முழுதும் உங்கள் தலையில்.

அதன்பிறகு வாரியத்துக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ‘இந்தப் படிப்பில் சேரலாமா?’ என்று கேட்டால் வாரியம் பதில் சொல்லாது. முன்கூட்டி ஒப்புதல் தருவதில்லை என்று ஒரு வரி வரும். கேள்வியைக் குறுக்குங்கள்: ‘கேக்ரெப் அங்கீகாரம் கட்டாயமா? ஆமெனில், படிப்பில் சேரும் தேதியைப் பார்ப்பீர்களா, பட்டம் பெறும் தேதியையா, விண்ணப்பிக்கும் தேதியையா?’ இப்படிக் கேட்டால் விதி எண்ணோடு பதில் வரும். அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ படித்த பட்டம் இருந்தால்

சென்னையில் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்துவிட்டு அமெரிக்கா வந்தவர்கள் நிறையப் பேர். பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினால், ‘அமெரிக்க முதுநிலைப் பட்டத்துக்கு இணை’ என்று சான்று வரக்கூடும். அந்த ஒரு வரியை நம்பி உரிமத்துக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். வாரியங்கள் கேட்பது பாடவாரியான மதிப்பீடு. இரண்டாண்டுப் பட்டத்தில் 60 கிரெடிட் தேறாமல் போகலாம். தேறினாலும் மேற்பார்வையோடு நடந்த பயிற்சி மணிநேரத்துக்குக் கையெழுத்திட்ட ஆவணம் இருக்காது. கேக்ரெப் கட்டாயமான மாநிலத்தில் இந்த வழி ஏறக்குறைய மூடியே இருக்கிறது. கட்டாயமில்லாத மாநிலத்தில், குறையும் பாடங்களை மட்டும் படித்து நிரப்ப வாரியம் விடுகிறதா என்று கேளுங்கள். சில மாநிலங்கள் குறிப்பிட்ட பாடங்களைப் பிறகு படித்து நிரப்ப விடும்; ஆனால் பயிற்சி பட்டப்படிப்புக்குள்ளேயே நடந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தும்.

அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்தால் பழைய பாடங்களில் எத்தனை கிரெடிட் எடுத்துக்கொள்வார்கள் என்பதையும், சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

படிப்புக்குள் என்ன இருக்கும்?

கேக்ரெப் படிப்பு குறைந்தது 60 செமஸ்டர் கிரெடிட் அல்லது 90 குவார்ட்டர் கிரெடிட். முழுநேரமாகப் படித்தால் இரண்டரையிலிருந்து மூன்று ஆண்டு. தொழில்நெறி, பண்பாட்டுப் பின்னணிகள், வாழ்நாள் வளர்ச்சி, தொழில்வாழ்க்கை வழிகாட்டல், ஆலோசனை முறைகள், குழு ஆலோசனை, மதிப்பீடு, ஆய்வு என்று எட்டு அடிப்படைத் துறைகளும் எல்லோருக்கும் பொது. குழு ஆலோசனையில், நீங்களே ஒரு குழுவில் உறுப்பினராக 10 மணிநேரம் உட்கார வேண்டும். இவற்றோடு மனநலப் பிரிவின் பாடங்கள்.

உண்மையான சோதனை பயிற்சியில்தான். அது இரண்டு கட்டம்.

பிராக்டிகம்: மொத்தம் 100 மணிநேரம். அதில் குறைந்தது 40 மணிநேரம் ஆலோசனை தேடி வந்தவரோடு நேரடியாக.

இன்டர்ன்ஷிப்: மொத்தம் 600 மணிநேரம். அதில் குறைந்தது 240 மணிநேரம் நேரடியாக.

இரண்டு கட்டத்திலும் வாரம் சராசரி ஒரு மணிநேரம் தனியாகவோ இன்னொரு மாணவரோடு சேர்ந்தோ மேற்பார்வை. கூடவே வாரம் சராசரி ஒன்றரை மணிநேரம் குழு மேற்பார்வை. உங்கள் அமர்வுகளை ஒலி, ஒளிப் பதிவாகவோ நேரில் இருந்தோ மேற்பார்வையாளர் பார்க்க வேண்டும். பயிற்சியிடத்தில் உங்களை மேற்பார்ப்பவருக்குக் கவுன்சலிங்கிலோ அதை ஒட்டிய துறையிலோ முதுநிலைப் பட்டமும், இரண்டு ஆண்டு அனுபவமும், மேற்பார்வை செய்வதற்கான பயிற்சியும் இருக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்டர்ன்ஷிப்பை இரண்டு செமஸ்டரில், அதாவது 30 வாரத்தில் முடிப்பதாக வைத்தால் வாரம் 20 மணிநேரம். அதில் நேரடி ஆலோசனை 8 மணிநேரம். எட்டுப் பேருக்கு நேரம் கொடுத்தால் எட்டுப் பேரும் வரமாட்டார்கள். நான்கில் ஒருவர் வராமல் போனால்கூட, 8 மணிநேரம் கையில் நிற்க 11 பேருக்கு நேரம் குறிக்க வேண்டும். மொத்த மணிநேரம் எப்படியும் ஏறிவிடும். கோப்பு எழுதுவது, கூட்டம், வாசிப்பு எல்லாம் அதில் சேரும். செமஸ்டர் முடிவில் 600 தாண்டியும், நேரடிக் கணக்கு 190இல் நிற்கும் மாணவர்கள் உண்டு. அவர்கள் இன்னொரு பருவத்துக்குக் கட்டணம் கட்ட நேரிடும். ஆகவே பயிற்சியிடத்தை ஒப்புக்கொள்ளும் முன் ‘போன மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை நேரடி அமர்வு கிடைத்தது?’ என்று கேளுங்கள். ‘நிறையக் கிடைக்கும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள், எண் கேளுங்கள்.

கேட்க வேண்டிய இன்னொன்று, அமர்வுகளை ஒலி, ஒளிப் பதிவு செய்ய அனுமதி உண்டா என்பது. அந்தரங்கப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கும் மருத்துவமனைகள் உண்டு. மறுத்தால் மேற்பார்வையாளர் உங்களோடு அறையில் உட்கார ஒப்புக்கொள்கிறாரா என்று முன்பே பேசிவிடுங்கள். தமிழ் பேசும் குடும்பங்களுக்கு உதவ ஆசைப்பட்டு அவர்களோடு தமிழில் அமர்வு நடத்துபவர்கள் கூடுதலாக ஒன்றை யோசிக்க வேண்டும்: மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது, பதிவைக் கேட்டு அவர் எதையும் திருத்த முடியாது. அந்த அமர்வுகளை எப்படி மதிப்பிடுவது என்று துறையோடு முதலிலேயே முடிவு செய்யுங்கள். நம் மொழியில் ஆலோசகர்கள் இல்லாத குறை பெரிது. அதற்காகவே இந்த ஏற்பாட்டைச் சரியாகச் செய்து முடிப்பது முக்கியம்.

ஆன்லைன் படிப்பில் பயிற்சியிடத்தை நீங்களே தேட வேண்டியிருக்கும் கல்லூரிகள் பல. ஒப்பந்தம் கையெழுத்தாகவே சில மாதங்கள் பிடிக்கலாம் என்பதால் குறைந்தது இரண்டு பருவம் முன்னால் தேடத் தொடங்குங்கள். தொழில்பொறுப்புக் காப்பீடு இல்லாமல் பயிற்சி தொடங்க முடியாது. மாணவர்களுக்கு அது மலிவாகவே கிடைக்கும்.

விசாவில் இருப்பவர்களுக்கு

எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்கள் முழுக்க ஆன்லைனாக நடக்கும் படிப்பில் சேர முடியாது. முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு ஆன்லைன் பாடம் மட்டுமே சேரும். பிராக்டிகத்துக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் சி.பி.டி. என்ற, படிப்பின் பகுதியாக வேலை செய்யும் அனுமதியை வாங்க வேண்டும். முழுநேர சி.பி.டி. 12 மாதம் எட்டினால் பட்டத்துக்குப் பிறகு அதே விசாவில் வேலை செய்யும் ஓ.பி.டி. உரிமை போய்விடும். வாரம் 20 மணிநேரம்வரை பகுதிநேரம்தான். மேலே போட்ட கணக்குக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

பெரிய இடி அதற்குப் பிறகு. மனநல ஆலோசனை, கூடுதலாக 24 மாதம் தரும் அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் இல்லை. ஆகவே ஓ.பி.டி. 12 மாதம்தான். உரிமத்துக்கு வேண்டிய மேற்பார்வைப் பணியோ ஏறக்குறைய இரண்டு ஆண்டு. இடைவெளியை நிரப்ப ஒரு நிறுவனம் எச்-1பி வேலை விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகளில் பலவும், அந்த விசாவுக்கு ஆண்டுதோறும் உள்ள எண்ணிக்கை வரம்புக்குள் வராதவை. வேலை தேடும்போது அவற்றை முதலில் பாருங்கள். இந்தத் திட்டம் இல்லாமல் கடன் வாங்கிச் சேர்வது ஆபத்து.

எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் இருப்பவர்கள் படிக்கலாம். வேலை அனுமதி அட்டை இல்லாவிட்டால், சம்பளமில்லாத பயிற்சிகூட வேலையாகக் கருதப்படும் சிக்கல் வரலாம். சேரும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். பிராக்டிகம் நெருங்கும் வரை தள்ளிப்போடாதீர்கள்.

தேர்வு

இரண்டு தேசியத் தேர்வுகள் உள்ளன. இரண்டையும் நடத்துவது என்.பி.சி.சி. என்ற அமைப்பு. என்.சி.இ.யில் 200 கேள்விகள். மதிப்பெண்ணுக்குச் சேர்பவை 160. இது எட்டு அடிப்படைத் துறைகளையும் தொடும். என்.சி.எம்.எச்.சி.இ. என்பது நோயாளி விவரங்களைத் தந்து, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பது. 11 நேர்வுகள், ஒவ்வொன்றிலும் 9 முதல் 15 கேள்விகள். டெக்சாஸில் இரண்டில் எதுவும் செல்லும். ஃப்ளோரிடா, நியூயார்க், கலிபோர்னியாவில் இரண்டாவதுதான் வேண்டும். கல்லூரியிலேயே மலிவாகவும் எளிதாகவும் எழுதலாம் என்று என்.சி.இ. எழுதிவிட்டு, தங்கள் மாநிலம் அதை ஏற்காது என்று பிறகு அறிபவர்கள் உண்டு. இவற்றோடு, பல மாநிலங்களில் அந்த மாநிலச் சட்டத்தைப் பற்றித் தனித் தேர்வோ வகுப்போ உண்டு.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று: பெயர். இந்தியச் சான்றிதழில் முன்னெழுத்தோடு, கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, கல்லூரிப் பதிவில் திருமணத்துக்குப் பிந்தைய பெயராக என்று மூன்று விதமாக இருக்கும். தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். கட்டிய பணமும் போகும். முதல் பருவத்திலேயே கல்லூரிப் பதிவில் கடவுச்சீட்டுப் பெயரை வைத்துவிடுங்கள்.

பட்டத்துக்குப் பிறகு: மணிநேரம் எப்போதிலிருந்து எண்ணப்படும்?

பட்டம் கையில் வந்தவுடன் முழு உரிமம் கிடைக்காது. முதலில் பயிற்சி நிலை உரிமம் அல்லது அனுமதி. டெக்சாஸில் எல்.பி.சி. அசோசியேட், ஃப்ளோரிடாவில் பதிவுபெற்ற இன்டர்ன், கலிபோர்னியாவில் ஏ.பி.சி.சி., நியூயார்க்கில் வரையறுக்கப்பட்ட அனுமதி. அதன்பிறகு மேற்பார்வையில் பணி.

டெக்சாஸ் 3,000 மணிநேரம் கேட்கிறது. பாதி, அதாவது 1,500, நேரடி ஆலோசனை. குறைந்தது 18 மாதம். கலிபோர்னியாவும் 3,000 மணிநேரம்தான். ஆனால் குறைந்தது 104 வாரம், நேரடி ஆலோசனை 1,750 மணிநேரம். ஃப்ளோரிடா 1,500 மணிநேர நேரடிச் சிகிச்சையும், குறைந்தது 100 வாரத்தில் 100 மணிநேர மேற்பார்வையும் கேட்கிறது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைத்து ஓராண்டில் முடித்துவிட முடியாதபடி வாரக்கணக்கு வைத்திருக்கிறார்கள். காரணம் நியாயமானது: மேற்பார்வையாளர் உங்களோடு நீண்ட காலம் இருந்தால்தான் உங்கள் பழக்கங்களைத் திருத்த முடியும்.

மணிநேரம் வீணாகும் வழிகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, அனுமதி எண் வரும் முன்பே வேலையைத் தொடங்குவது. அந்த மணிநேரம் கணக்கில் வராது. உரிமமின்றித் தொழில் செய்ததாகக்கூட ஆகலாம். கலிபோர்னியாவில் ஒரு சலுகை உண்டு: பட்டம் வழங்கப்பட்ட 90 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பித்து, வேலையிடம் கைரேகைச் சரிபார்ப்பைத் தொடக்கத்திலேயே முடித்திருந்தால், இடைப்பட்ட மணிநேரத்தை எண்ணலாம். இரண்டு, தகுதியில்லாதவரிடம் மேற்பார்வை பெறுவது. அலுவலகத்தில் உங்கள் மேலதிகாரி அனுபவம் மிக்கவராக இருக்கலாம்; ஆனால் டெக்சாஸ் போன்ற மாநிலத்தில் அவருக்கு மேற்பார்வையாளர் தகுதி தனியாக வாரியத்தால் தரப்பட்டிருக்க வேண்டும். வாரியத்தின் தேடல் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா, தகுதி இருக்கிறதா என்று தொடங்கும் நாளிலும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

மேற்பார்வையாளர் வேலை மாறினாலோ இறந்துவிட்டாலோ கையெழுத்து வாங்க ஆளிருக்காது. ஆகவே கடைசி நாள் வரை காத்திராமல் மாதாமாதம் கையெழுத்து வாங்குங்கள்.

கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், சேர்ந்த ஆண்டின் கல்லூரிக் கையேடு, பயிற்சி ஒப்பந்தங்கள், கையெழுத்திட்ட மணிநேரப் பதிவுகள், மேற்பார்வையாளர்களின் உரிம எண், அந்தக் காலத்தில் படிப்பு அங்கீகாரம் பெற்றிருந்ததைக் காட்டும் கடிதம். இவை காகிதமாகவும் மின்வடிவிலும் கல்லூரி மின்னஞ்சலுக்கு வெளியே இருக்க வேண்டும். பட்டம் முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சல் மூடப்படும். கல்லூரியே மூடப்படுவதும் உண்டு: 2019 மார்ச்சில் ஆர்கோசி பல்கலைக்கழகம் திடீரென மூடப்பட்டபோது, அங்கே கவுன்சலிங் படித்தவர்களும் இருந்தார்கள். பத்து ஆண்டு கழித்து வேறொரு மாநிலம் ‘2024இல் நீங்கள் படித்த மதிப்பீட்டுப் பாடத்தின் பாடத்திட்டம் வேண்டும்’ என்று கேட்டால், உங்களிடம் இருப்பது ஒன்றுதான் கைகொடுக்கும்.

மாநிலம் மாறும்போது

ஆலோசகர்களுக்கான மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தம் ஒன்றில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. சொந்த மாநிலத்தில் தனித்துச் செயல்படும் உரிமம் பெற்றவர், 60 கிரெடிட் கல்வித் தகுதியும் தேசியத் தேர்வும் இருந்தால், மற்ற உறுப்பு மாநிலங்களில் தொழில் செய்யும் உரிமை கேட்கலாம். பயிற்சி நிலையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. இரு மாநிலமும் உறுப்பா, இரண்டும் விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிட்டனவா என்று பாருங்கள். சட்டம் நிறைவேற்றுவதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் நடுவில் நீண்ட இடைவெளி இருக்கிறது.

2024 ஜனவரி 1 முதல் மனநல ஆலோசகர்கள் மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசுக் காப்பீடு) நோயாளிகளுக்கும் கட்டணம் கோரலாம். உளவியலாளருக்குத் தரப்படும் தொகையில் 75 விழுக்காடு. பட்டத்துக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு அல்லது 3,000 மணிநேர மேற்பார்வைப் பணி இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஃப்ளோரிடா போல 1,500 நேரடி மணிநேரத்தில் கணக்கு வைக்கும் மாநிலத்தில் இருப்பவர்கள், இரண்டு ஆண்டுக் கணக்குக்கான ஆவணத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணினி வழியாக ஆலோசனை தருபவர்களுக்கு விதி எளிது: அமர்வின்போது எதிரில் இருப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ, அந்த இடத்தின் உரிமம் வேண்டும். ஒஹாயோவில் உங்களிடம் வந்துகொண்டிருந்த பெண் விடுமுறைக்கு மிச்சிகன் போய் அங்கிருந்து அழைத்தால், அன்றைக்கு நீங்கள் மிச்சிகனில் தொழில் செய்கிறீர்கள். கோவையிலிருந்து ஒருவர் அழைத்தாலும், அங்கே இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் ‘இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுக் குறிப்பில் எழுதிவிடுங்கள். அவசரம் என்றால் எந்த ஊர் ஆம்புலன்ஸை அழைப்பது என்பதற்கும் அந்தக் குறிப்பு வேண்டும்.